வில்லுக்கு உரிய நேரத்தை வில்லுக்கே கொடுங்கள்: கொடை விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் ஊர்க் கோயில் திருவிழாவான கொடையை நடத்தும் விழாக் குழுத் தலைவர்கள், செயலாளர்கள், வரி பிரிக்கும் அண்ணாச்சிமார், சவுண்ட் சர்வீஸுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

பங்குனி பிறந்ததும் நம் பக்கம் கொடைக்கு நாள் குறிக்க ஆரம்பித்துவிடுவோம். சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி என்று ஊர் ஊராகக் கால்நாட்டு நடக்கும். எந்த ஊர் நோட்டீஸை எடுத்துப் பார்த்தாலும் அதில் ஓர் இசை விழாவே இருக்கிறது. நாதஸ்வரம், நையாண்டி மேளம், கரகாட்டம், வில்லிசை, கணியான் ஆட்டம், செண்டை மேளம், மெல்லிசைக் கச்சேரி, இப்போது டி.ஜே. இருநூறு வீடு இருந்தாலே பெரிய ஊர் என்று சொல்கிற இடத்தில், இரண்டு மூன்று நாளுக்குள் இத்தனை வகை இசை. அரசு மானியம் எதையும் எதிர்பார்க்காமல், வீட்டு வரி பிரித்து, சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர்களிடம் நன்கொடை கேட்டு வாங்கி இதை நடத்துகிறீர்கள். அதற்காக ராத்திரி தூக்கம் கெட்டு அலைகிறவர்கள் நீங்கள். முதலில் அதற்கு என் நன்றி.

இப்போது ஒரு கோரிக்கை. இந்த இசைகளை ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று மோதவிடாதீர்கள். கொடையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தை அதற்கே விடுங்கள். முக்கியமாக, நடுராத்திரிப் பூசையான சாமக்கொடைக்கு முந்திய மணி நேரங்களை வில்லுப்பாட்டிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

சமீப ஆண்டுகளில் போன கொடைகளில் இதே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கோயில் முன்பந்தலில் வில் கட்டியிருக்கும். வில்லடித்துக் கதை பாடும் புலவர் காப்புப் பாடி, குருவணக்கம் சொல்லி, அவையடக்கம் முடித்துக் கதைக்குள் நுழைவார். அந்த நேரம் பார்த்து, நூறடி தள்ளிப் பள்ளிக்கூடத் திடலில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய பாக்ஸ்களில் டி.ஜே. தொடங்கும். பந்தல் தகரம் அதிரும். குடம் அடிப்பவருடைய கை ஏறி இறங்குவது தெரியும், ஓசை கேட்காது. புலவர் குரலை உயர்த்திப் பார்ப்பார், மைக்கை வாயோடு சேர்த்துப் பிடிப்பார், ஒரு கட்டத்தில் பாட்டைக் குறைத்துக்கொண்டு கதையை வசனமாகவே சொல்லிக்கொண்டு போவார். முன்வரிசை ஆச்சிமார் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பத்து மணிக்குப் போலீஸ் ஜீப் வந்து நிற்கும். எல்லா ஸ்பீக்கரும் ஒன்றாக நிற்கும். டி.ஜே. தன் இரண்டு மணி நேரத்தை முழுசாக முடித்திருக்கும். வில்லில் சாமி இன்னும் பிறந்தேயிருக்காது.

குழுவில் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வில்லுப்பாட்டை ஒரு மணி நேர நிகழ்ச்சியாகச் சுருக்க முடியாது. சுடலைமாடன் கதை என்றால் கயிலாயத்தில் தொடங்க வேண்டும். பார்வதி பிள்ளைவரம் கேட்டது, விளக்குச் சுடரில் பிள்ளை பிறந்தது, அது சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றது, அதனால் பூலோகத்துக்கு அனுப்பப்பட்டது என்று ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். சாமி பிறக்கிற இடத்திலும் கதையின் உச்சத்திலும் உடுக்கையும் குடமும் வேகம் பிடிக்கும். அங்கேதான் சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும். சாமக்கொடை நேரத்துக்குக் கதை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று புலவருக்குத் தெரியும். கோயில் பூசாரியைப் பார்த்துக்கொண்டே பாடுவார். பூசாரி இன்னும் தயாராகவில்லை என்றால் ஒரு கிளைக்கதையைச் சேர்ப்பார். தீபாராதனைத் தட்டு வெளியே வந்துவிட்டது என்றால் நான்கு அடியைத் தாண்டி வரத்துக்குப் போய்விடுவார். ஒரு மேடைக் கச்சேரியில் இப்படி ஒன்றைப் பார்க்க முடியாது. பாட்டு, பூசை, ஆட்டம் மூன்றும் ஒன்றுக்கொன்று காத்திருந்து நடக்கும். இடையில் யாரோ ஒருவர் வந்து, "அரை மணி நேரத்துக்கு நிறுத்துங்க, வாணவேடிக்கை இருக்கு" என்று சொன்னால் அந்தப் பின்னல் மொத்தமும் அவிழ்ந்துபோகிறது.

முத்துப்பட்டன் கதையை முழுசாகக் கேட்டவர்கள் இன்றைக்கு நம் ஊர்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன், செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்பி, பூணூலை அறுத்தெறிந்து, அவர்கள் தகப்பன் சொன்னபடி செருப்புத் தைத்துக் காட்டிக் கல்யாணம் செய்துகொண்டான். பிறகு மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் அவனுக்குச் சந்நிதி இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே செருப்பு காணிக்கை வைக்கிற வழக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கத்துக்குப் பின்னால் இருக்கிற கதையை இத்தனை தலைமுறையாக நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது வில்லும் குடமும்தான். பட்டன் செருப்புத் தைக்கிற இடத்தைப் புலவர் எப்படிப் பாடுவார் என்று இன்றைய பிள்ளைகள் கேட்க வேண்டாமா?

வில்லின் ஓசையைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். குடம் பிரிமணையில் உட்கார்ந்திருக்கும், அதன் கழுத்தோடு வில்லைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். புலவர் வீசுகோலால் நாணை அடிக்கும்போது வில்லில் தொங்கும் மணிகள் எல்லாம் சேர்ந்து குலுங்கும். குடக்காரர் மட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார், அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு சத்தம் எழும். மற்றக் கையில் ஒரு காசை வைத்துக்கொண்டு குடத்தின் கழுத்தில் தட்டுவார், அது கணீரென்று தனியாகக் கேட்கும். உடுக்கைக்காரர் இடுப்புக் கயிற்றை இறுக்குவதும் தளர்த்துவதுமாக அழுகையையும் ஆங்காரத்தையும் அந்தச் சின்னக் கருவியில் கொண்டுவந்துவிடுவார். இது எதுவும் பெரிய சத்தம் கிடையாது. இரண்டு மைக், இரண்டு நடுத்தரமான ஸ்பீக்கர், சுற்றிலும் அமைதி. வில்லுக்கு வேண்டியது இவ்வளவுதான். பக்கத்தில் வேறு சத்தம் இருந்தால் எத்தனை மைக் வைத்தும் பயனில்லை.

நம் நெல்லைப் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்தில் 1928-ல் பிறந்த சுப்பு ஆறுமுகம், வில்லைச் சென்னைக்கும் வானொலிக்கும் எடுத்துப்போய், 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அதே கலையைக் கொடைப் பந்தல்களில் பல பத்தாண்டுகள் பாடிய குமரி மாவட்டத்துப் பூங்கனி, கடைசிக் காலத்தை வசதியில்லாமல் தனியாகக் கழித்து 2018-ல் காலமானார். பெண்கள் மேடையேறுவதே அரிதாக இருந்த காலத்தில், சின்னப் பிள்ளையாக வில்லைக் கையில் எடுத்தவர் அவர். அவர் பாடிய ஊர்களில் எதுவும் அவரை நினைத்து ஒரு வரி அச்சிட்டதை நான் பார்த்ததில்லை. சொல்லும்போதே மனசு வலிக்கிறது.

அப்புறம் கணியான் ஆட்டம். நம் ஊர்களில் பலவற்றில் இதைக் கைவிட்டுவிட்டோம், "செலவு கூடுது" என்கிறோம். கணியான் சமூகத்தார் மட்டுமே ஆடிவரும் கலை இது. நம் மாவட்டங்களுக்கு வெளியே இது கிடையாது என்றே சொல்லலாம். மகுடம் என்கிற தோல்கருவி இரண்டு இருக்கும், ஒன்று உச்சம், ஒன்று மந்தம். ஆட்டம் தொடங்குவதற்கு முன் பந்தலுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். காய்ந்த ஓலையைக் கொளுத்தி, மகுடத்தை அந்தத் தீயின் மேல் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். விரலால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார்கள், மறுபடியும் காட்டுவார்கள். தோல் இறுகி, நினைத்த சுருதி வந்த பிறகுதான் எழுந்து வருவார்கள். ராத்திரிப் பனியில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் நடுவிலும் இரண்டு மூன்று முறை காய்ச்ச வேண்டியிருக்கும். அந்த இடைவெளியைப் பார்த்து, "ஏன் நிறுத்திட்டாங்க, பாட்டைப் போடு" என்று சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சொல்லாதீர்கள். கதை பாடும் அண்ணாவி அந்த நேரத்தில்தான் அடுத்த பகுதிக்கு மூச்சு வாங்குகிறார். பெண்வேடம் கட்டி ஆடும் இருவரும் சலங்கையைச் சரிசெய்வது அப்போதுதான். மாடனுக்குக் கொடை கொடுக்கிற ஊர்கள் மகுடத்தை விட்டுவிட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. நாதஸ்வரத்துக்குக் கல்யாண வீடு இருக்கிறது, செண்டைக்குக் கடைத் திறப்பு இருக்கிறது. மகுடத்துக்கு மாடன் கோயில் மட்டும்தான்.

நாதஸ்வரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காருகுறிச்சி அருணாசலம் பிறந்த மாவட்டத்தில் நாதஸ்வரத்தின் அருமையை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. ஒன்று மட்டும். தீர்த்தம் எடுக்கப் போகும்போது முன்னால் நாதஸ்வரம், தவில், பின்னால் செண்டை, அதற்கும் பின்னால் டிராக்டரில் ஸ்பீக்கர் என்று ஒரே ஊர்வலத்தில் மூன்றையும் விடுகிறோம். தவில்காரர் விரலில் கூடு மாட்டிக்கொண்டு, கழுத்தில் அவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு வெயிலில் வாசிக்கிறார். அவர் அடிக்கும் சொல் அவருக்கே கேட்பதில்லை. போகும்போது நாதஸ்வரம், வரும்போது செண்டை என்று பிரித்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

செண்டை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. "அது மலையாளத்துக்காரன் மேளம், நமக்கெதுக்கு?" என்று சில பெரியவர்கள் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1956 நவம்பர் 1 வரை குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது, செங்கோட்டையும் அப்படித்தான். எல்லையில் இருக்கிற நமக்கு அந்த மேளம் புதுசு கிடையாது. இருபது பேர் வரிசையாக நின்று, செண்டையும் இலத்தாளமும் சேர்ந்து மெள்ள மெள்ளக் காலம் கூட்டிக்கொண்டே போகும்போது நம் பிள்ளைகள் கண் இமைக்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதை ஊர்வலத்தில் ஓடவிடாமல், சாயங்காலம் கோயில் முன்னால் ஒரே இடத்தில் நிறுத்தி முக்கால் மணி நேரம் வாசிக்கச் சொல்லுங்கள். அந்த மேளம் எப்படி வளர்கிறது என்பது அப்போதுதான் தெரியும். நடந்துகொண்டே அடிக்கும்போது வெறும் வேகம்தான் காதில் விழுகிறது.

மெல்லிசைக் கச்சேரியும் அப்படித்தான். கீபோர்டு, ரிதம் பேட், நான்கு பாடகர்கள், எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய அம்மன் பாடல்களில் தொடங்கிப் புதுப் படப்பாட்டு வரை. வேலைக்குப் போய் ஊருக்கு வந்திருக்கும் பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கிற நிகழ்ச்சி அது. தம்பிமாருக்கு டி.ஜே. வேண்டும் என்றால் அதுவும் இருக்கட்டும். கொடைக்கு இளைஞர்கள் வராமல் போனால் நாளைக்கு வரி பிரிக்க ஆள் கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதைக் கொடை அன்று இரவு வைக்காதீர்கள். மறுநாள் மஞ்சள் நீராட்டு முடிந்த சாயங்காலம் வையுங்கள். எட்டாம் நாள் நடக்கும் எட்டாம் கொடை அன்று வையுங்கள். அன்றைக்குப் பந்தல் இருக்கும், கரண்ட் இருக்கும், விருந்தாளிகளில் பாதிப் பேர் இருப்பார்கள். வில்லோடு போட்டியும் இருக்காது.

நேரத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் குழுக் கூட்டத்தில் ஒருமுறை பேசிவிடுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. அதாவது, மைக் வைத்துப் பாட நமக்குக் கையில் இருக்கும் ராத்திரி நேரம் மிகவும் குறைவு. ஏழு மணிக்கு இருட்டி, பத்து மணிக்கு அணைக்க வேண்டும் என்றால் மூன்றே மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் இரண்டை டி.ஜே.வுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் வில்லைப் பாடச் சொல்வது நியாயமா? பாக்ஸை அலறவிட்டுப் பக்கத்து ஊர்க்காரர் புகார் கொடுத்தால் வில்லுக்கும் சேர்த்துத்தான் அனுமதி போகிறது. பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிற பங்குனி, சித்திரைக் கொடைகளில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இனி, கலைஞர்களை நாம் நடத்தும் விதம். கரகாட்டக்காரப் பெண்கள் உடை மாற்ற ஒரு அறை கிடையாது. வேனுக்குப் பின்னால் சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு மாற்றுகிறார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க ஆடுகிறார்கள். குடித்துவிட்டு மேடையேறி, பணம் குத்துகிறேன் என்று கைவைப்பவனை உடனே இறக்கிவிட வேண்டியது குழுவின் வேலை. "ஊர்ப்பய, ஒண்ணும் சொல்ல முடியல" என்று ஒதுங்கிவிடக் கூடாது. தலையில் கரகத்தை வைத்துக்கொண்டு, கை படாமல், நையாண்டி மேளத்தின் அடிக்கு அடி கால் மாற்றுவது பல வருட உழைப்பு. ஆபாசமாக ஆடச் சொல்லிக் கூச்சல் போடுகிற நான்கு பேருக்காக அந்தத் திறமையை நாமே கெடுத்துக்கொண்டிருக்கிறோம். நையாண்டி மேளத்தில் பம்பையும் உறுமியும் தவிலும் மாறி மாறிக் கேள்வி பதில் போல வாசிக்கிற பகுதி ஒன்று உண்டு. யாரும் கேட்பதில்லை என்பதால் அதை இப்போது பல குழுக்கள் வாசிப்பதே இல்லை. ஒருமுறை கேட்டுப் பாருங்கள், "அண்ணாச்சி, இன்னைக்கு மேளம் மட்டும் பதினைந்து நிமிஷம் வாசிங்க" என்று. அவர்கள் முகம் மலர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

சாப்பாட்டில் வேறுபாடு காட்டுகிற ஊர் இன்னும் இருக்கிறது என்பதை எழுதவே வருத்தமாக இருக்கிறது. கணியான் குழுவுக்கும் பறை அடிப்பவர்களுக்கும் பார்சலைக் கையில் கொடுத்து, ஓரமாக உட்காரச் சொல்கிற வழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். அன்னதானப் பந்தலில் எல்லோருக்கும் போடுகிற அதே இலையில், அதே வரிசையில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள். சாமி அவர்கள் அடியைக் கேட்டுத்தான் வருகிறது என்று நம்புகிறோம். அவர்கள் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா?

அடுத்தது நோட்டீஸ். நன்கொடை கொடுத்தவர் பெயர், அவர் பிள்ளைகள் பெயர், கடைப் பெயர், அலைபேசி எண் எல்லாம் பெரிய எழுத்தில் வருகிறது. பாடுகிறவர்களுக்கு, "இரவு 8 மணி: வில்லிசை" என்று ஒரே வரி. புலவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். குடம், உடுக்கை, தாளம், பின்பாட்டு என்று குழுவில் இருக்கும் எல்லோர் பெயரையும் போடுங்கள். என்ன கதை பாடப்போகிறார் என்றும் போடுங்கள். கதையின் பெயரைப் பார்த்தே பக்கத்து ஊரிலிருந்து ஆள் வருவார்கள். அந்தக் கலைஞருக்கும் தான் பாடியதற்குச் சான்றாக ஒரு காகிதம் கையில் இருக்கும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்துக்கோ, கலைப் பண்பாட்டுத் துறைக்கோ எதற்காவது விண்ணப்பிக்கும்போது காட்டலாம். உங்களுக்கு இதற்கு ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது.

சம்பளத்தைப் பேசும்போது இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான் கொடை. சீசனில் ஒரே செவ்வாய் ராத்திரி பத்து ஊரில் கொடை நடக்கும். ஒரு புலவர் ஓர் ஊரில்தான் பாட முடியும். வருஷத்தில் அவருக்குக் கிடைக்கிற நல்ல ராத்திரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்ற நாட்களில் வயல்வேலை, கொத்து வேலை, ஆட்டோ. 2020-லும் 2021-லும் கொரோனாவால் கொடைகள் நின்றபோது அந்தச் சில ராத்திரிகளும் போயின. அந்த நேரத்தில் பலர் வில்லை மச்சில் ஏற்றிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள், திரும்பி வராதவர்களும் உண்டு. பேசிய தொகையை அன்றைக்கே, எல்லோர் முன்னாலும், வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துவிடுங்கள். "நன்கொடை வசூலானதும் தாரோம், அடுத்த வாரம் வாங்க" என்று அலையவிடாதீர்கள். டி.ஜே.காரருக்கும் ஜெனரேட்டர்காரருக்கும் முன்பணம் முழுசாகப் போகிறபோது வில்லுக்கு மட்டும் பாக்கி வைப்பது சரியில்லை.

நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. காலையில் தீர்த்தம் எடுக்க நாதஸ்வரம். மதியக் கொடைக்கு நையாண்டி மேளமும் கரகமும். சாயங்காலம் கோயில் முன்னால் நின்ற நிலையில் செண்டை, அது ஆறரைக்கு முடியட்டும். அதற்குப் பிறகு அனுமதி இருக்கும் வரை மைக் முழுக்க வில்லுக்கு. மாடன் கோயிலில் மகுடத்துக்கும் வில்லுக்கும் நேரத்தைப் பங்கிட்டுக் கொள்ளச் சொல்லுங்கள், புலவரும் அண்ணாவியும் அதைத் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வார்கள், காலங்காலமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. மெல்லிசையும் டி.ஜே.யும் மறுநாள். அனுமதி நேரம் முடிந்து மைக்கை அணைத்த பிறகு சாமக்கொடைப் பூசை நடக்கும்போது, திடலில் வேறு எந்த ஸ்பீக்கரும் ஓடாமல் பார்த்துக்கொள்ள இரண்டு தம்பிமாரைப் பொறுப்பாகப் போடுங்கள்.

ஆடிக் கொடைக்கு இன்னும் பல ஊர்களில் நோட்டீஸ் அச்சுக்குப் போகவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த நேரப் பட்டியலை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். எதிர்ப்பு வந்தால் பேசிப் பாருங்கள். வில்லுக்கு ஆள் பிடிக்க முடியவில்லை, கணியான் குழு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் பக்கத்து ஊர்க் குழுவிடம் கேளுங்கள், கட்டாயம் யாருக்காவது தெரிந்திருக்கும். நேரம் ஒதுக்கிக் கொடுத்த ஊர்கள், எப்படி நடந்தது என்று மற்ற ஊர்களுக்குச் சொல்லுங்கள். வரியோடு சேர்த்து வில்லுக்கென்று தனியாகக் கொடுக்க என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர் தயாராக இருக்கிறோம். ரசீதில் அப்படியே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வெளியூரில் வேலை பார்த்தாலும் ஆண்டுதோறும் கொடைக்கு வந்துவிடும்
வரிதாரன் ஒருவன்